இரண்டு நோய், ஒரு கணக்கு

நோய்களிடையேயும் உயர்வு தாழ்வு உண்டு போலும். இருதய நோய் கண்டவர் அதனைப் பற்றி நாலுபேர் நடுவே தயக்கமின்றிப் பேசுகிறார். நீரிழிவோ கலியாணப் பந்தியிலும் பேசப்படும் நோயாகிவிட்டது. "எனக்குச் சீனி போடாத தேநீர்" என்று ஒருவர் கேட்டால், அருகிலிருப்பவர் தம் குருதியிலுள்ள வெல்லத்தின் அளவைத் தாமாகவே சொல்லத் தொடங்குகிறார். ஆனால், குடலின் கீழ்ப்பகுதியில் வரும் நோய்க்கு மட்டும் நம் வீட்டு முன்விறாந்தையில் இடமில்லை. அஃது அடுக்களைக்குப் பின்னாலே, கிணற்றடிக்கும் அப்பாலே, சொல்லப்படாமற் கிடக்கிறது. அவ்வாறு சொல்லப்படாமற் கிடந்ததனால் நான் என் நண்பர் ஒருவரை இழந்தேன்.

அவர் கணித ஆசிரியர், நான் தமிழாசிரியன். ஒரே பாடசாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தோம். என்னை அவர் 'பண்டிதர்' என்பார். நான் அவரை 'மாஸ்டர்' என்பேன். மெலிந்த கை கால்கள் உடையவர். வயிறு மாத்திரம் நாற்பது வயதுக்குப் பின் மெல்ல முன்வந்தது. இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு துளை இடவேண்டி வந்தபோதெல்லாம், "சமன்பாட்டின் ஒரு பக்கம் கூடுகுது, பண்டிதர்" என்று சிரிப்பார். நாற்பத்தாறாவது வயதில் அவருக்கு நீரிழிவு கண்டது. அறுபதாவது வயதில் மலத்தோடு இரத்தம் போவதைக் கண்டார். மூலவியாதி என்று தாமே தீர்ப்பளித்து, கடையில் ஒரு களிம்பு வாங்கி வைத்துக்கொண்டு, ஓராண்டுக்கு மேல் ஒருவருக்கும் சொல்லாதிருந்தார். மனைவிக்கும் சொல்லவில்லை. சொன்னபோது நோய் பெருங்குடலைக் கடந்து ஈரலை எட்டியிருந்தது.

கடைசியாக நான் அவரைப் பார்க்கச் சென்ற மாலையில், படுக்கையிலிருந்தபடியே என்னைக் கேட்டார்: "பண்டிதர், ஒரு கணக்கு எனக்குச் சரிவரயில்லை. பதினைஞ்சு வருஷமாய்ச் சலரோகம். இப்ப குடலிலை இது. இரண்டும் தனித்தனிக் கணக்கோ, இல்லாட்டி ஒரே கணக்கோ?"

எனக்கு விடை தெரியவில்லை. விதி, வினை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்த மழுப்பல் இன்றும் என்னை உறுத்துகிறது. அவர் மறைந்தபின், வைத்தியம் கற்ற என் பழைய மாணவர் சிலரைத் தொல்லைப்படுத்தியும், அவர்கள் தந்த நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அகராதியின் துணைகொண்டு படித்தும் அக்கேள்விக்கு விடை தேடினேன். விடை உண்டு. அதனை உரியவரிடம் சொல்ல முடியாது போயிற்று. வாசகர்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இதனை எழுதுகிறேன்.

மெல்ல நடக்கும் நோய்

முதலிற் குடலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். மனிதனின் பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமானது. அதன் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கலங்கள் நாலைந்து நாட்களுக்கு மேல் நிலைப்பதில்லை. பழையன உதிரப் புதியன பிறந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. நம் உடம்பில் இத்தனை விரைவாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள் மிகச் சிலவே. ஒவ்வொரு கலம் பிறக்கும்போதும் அதனுள் இருக்கும் பரம்பரை எழுத்துக்கள் முழுவதும் படியெடுக்கப்படுகின்றன. ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த நம் முன்னோரின் கை சில இடங்களிற் பிழைத்தது போல, இங்கும் எழுத்துப் பிழை நேர்வதுண்டு. பெரும்பாலான பிழைகள் திருத்தப்படும். அல்லது பிழையுற்ற கலம் அழிந்துபோகும். எஞ்சியவற்றுள் ஒன்று தன் அடக்கத்தை மறந்து பெருகத் தொடங்கினால், குடற்சுவரில் ஒரு சிறு சதைமுளை தோன்றும். இதனைப் பொலிப் என்பர். பொலிப்புகளுட் பெரும்பாலானவை தீங்கற்றனவாகவே இருந்துவிடுகின்றன. சில, மேலும் பிழைகள் சேரச் சேரப் பருத்து, இறுதியிற் புற்றுநோயாக மாறுகின்றன. பிழைகள் படிப்படியாகச் சேரும் இந்த ஒழுங்கினை அமெரிக்க அறிஞர்களான எரிக் பியறன், பேட் வோகல்ஸ்ரைன் ஆகிய இருவரும் 1990ஆம் ஆண்டில் தெளிவுற விளக்கினர். முளை புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டோ அதற்கு மேலோ செல்லும்.

உலக அளவில் இந்நோயின் பரப்பை நோக்கினால் திகைப்பே மிஞ்சுகிறது. 2022ஆம் ஆண்டிலே 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெருங்குடலிலோ நேர்குடலிலோ புற்றுநோய் உடையோராகப் புதிதாகக் கணிக்கப்பட்டனர். ஏறத்தாழ 9 இலட்சம் பேர் அந்நோயால் இறந்தனர். தோன்றும் தொகையில் அது புற்றுநோய்களுள் மூன்றாவது. கொல்லும் தொகையில் இரண்டாவது. இலங்கையிலும் அது பெருகிவரும் நோய்களுள் ஒன்று.

எழுத்துப் பிழை எல்லா நாட்டு மனிதருக்கும் நேர்வதே. அங்ஙனமாயின் சில நாடுகளில் இந்நோய் மிகுந்தும் சில நாடுகளில் அருகியும் காணப்பட்டது ஏன்? அந்தப் பத்தாண்டில் முளைக்கு நீரூற்றுவது யாது? கேள்வியின் முதல் நுனி இங்கே கிடைக்கிறது.

கடல் கடந்தவர் காட்டிய தடயம்

யப்பானியரிடையே ஒருகாலத்தில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. பெருங்குடற் புற்றுநோய் மிகக் குறைவு. அவர்களுட் பலர் அவாய்த் தீவுகளிலும் அமெரிக்காவின் மேலைக் கரையிலும் குடியேறினர். அவ்வாறு குடியேறியோரின் மரணப் பதிவுகளை வில்லியம் ஹென்செல், மினோறு குறிகாரா என்னும் இருவரும் ஆராய்ந்து 1968இல் வெளியிட்டனர். இரைப்பைப் புற்றுநோய் குடியேறியோரை எளிதில் விட்டு நீங்கவில்லை. தலைமுறை கடந்தே குறைந்தது. பெருங்குடற் புற்றுநோயோ குடியேறிய தலைமுறையிலேயே அமெரிக்கரின் அளவை நோக்கி உயர்ந்துவிட்டது. குருதி மாறவில்லை, குலம் மாறவில்லை, வாழ்க்கை மாறியது. பின்னர், யப்பானிலேயே உணவும் தொழிலும் மாறியபோது, கடல் கடவாதவரிடத்தும் இந்நோய் பெரிதும் உயர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் வேறொருவர் வேறொரு கண்டத்திலிருந்து இதே கேள்விக்கு வந்து சேர்ந்தார். அயர்லாந்தின் எனிஸ்கிலன் நகரிற் பிறந்த டெனிஸ் பேர்கிற் என்னும் சத்திரவைத்தியர், உகண்டாவிலே பல்லாண்டுகள் பணிபுரிந்தவர். இங்கிலாந்தில் நாள்தோறும் காணப்படும் குடல்நோய்கள் ஆபிரிக்கக் கிராமத்தவரிடையே அரிதாக இருந்தமை அவர் கருத்தைக் கவர்ந்தது. கிராமத்தவர் நார்ப்பொருள் மிகுந்த உணவை உண்டனர். மேனாட்டார் அதனை நீக்கித் தீட்டிய மாவை உண்டனர். இவ்வேறுபாட்டைக் கொண்டு அவர் 1971இல் எழுதிய கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது.

பேர்கிற் கண்டது உண்மையின் ஒரு பகுதியே. குடலுள் நுழைவது எது, அது எத்தனை நாழிகை தங்குகிறது என்பதையே அவர் நோக்கினார். அஃதாவது, குடலை ஒரு குழாயாகக் கொண்டு உள்ளிருந்து பார்த்தார். குருதியின் வழியாக, வெளியிலிருந்து குடலுக்கு என்ன வந்து சேர்கிறது என்ற கேள்வி அப்போது எழவில்லை. அதற்கான விடை வேறொரு பேரேட்டில் எழுதப்பட்டு வந்தது.

மற்றொரு பேரேடு

உண்ட உணவை உடம்பு உடைத்து ஆற்றலாக்குவதும், அவ்வாற்றலைக் கொண்டு தன்னைத் தானே கட்டிக்கொள்வதும், மிஞ்சியதைச் சேமிப்பதும் ஆகிய வரவுசெலவு முழுவதையும் நம் பாடநூல்கள் அனுசேபம் என்ற ஒரு சொல்லால் வழங்குகின்றன. இவ்வரவுசெலவு பிழைக்கும்போது தோன்றும் நோய்கள் தனித்து வருவதில்லை, கூட்டாகவே வருகின்றன. சுவீடன் நாட்டு வைத்தியர் எஸ்கில் கைலின் 1923இலேயே குருதியமுக்கமும் குருதி வெல்லமும் யூரிக்கமிலமும் ஒருவரிடமே கூடி உயர்வதைக் குறித்து எழுதினார். பிரான்சின் மார்செய் நகரத்து வைத்தியர் ஜீன் வாக் 1947இல் மற்றொன்றைக் கண்டார்: கொழுப்பின் அளவினும் அது தங்கும் இடமே முக்கியமானது, தொடையிலும் பிட்டத்திலும் தங்கும் கொழுப்பு அத்துணைக் கேடு செய்வதில்லை, வயிற்றிலே தங்கும் கொழுப்பே நீரிழிவையும் இருதய நோயையும் அழைத்துவருவது.

இவற்றையெல்லாம் ஒரு நூலிற் கோத்தவர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்ட் றீவன். 1988ஆம் ஆண்டில் நிகழ்த்திய புகழ்பெற்ற விரிவுரையில், இக்கூட்டத்தின் நடுவே நிற்பது இன்சுலினுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பே என்று அவர் விளக்கினார். சதையி சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோன், குருதியிலுள்ள குளுக்கோசு கலங்களுக்குள் செல்லக் கதவைத் திறந்துவிடுகிறது. வயிற்றிலும் ஈரலிலும் தசையிலும் கொழுப்பு மிகும்போது அக்கதவுகள் எளிதில் திறப்பதில்லை. ஒருமுறை தட்டியதற்குத் திறந்த கதவை இப்போது பத்துமுறை தட்டவேண்டியிருக்கிறது. ஆகவே சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. சதையி களைத்துப்போன பின்னரே குருதியில் வெல்லம் உயர்ந்து நீரிழிவு வெளிப்படும். அதற்கு முன் பல ஆண்டுகள், வெல்லத்தின் அளவு சரியாகவே தோன்ற, இன்சுலின் மாத்திரம் வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருக்கும்.

இந்த வெள்ளம் எங்கெல்லாம் பாய்கிறது என்பதுதான் என் நண்பர் கேட்ட கேள்வியின் திறவுகோல்.

இரண்டு ஏடுகள் ஒன்றானபோது

இன்சுலின் 1921இல் கண்டுபிடிக்கப்பட்டது கனடாவின் ரொறன்ரோ நகரில். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேய்ல் மக்கியோன் ஐசன் என்னும் பெண் அறிஞர் 1994இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பெருங்குடற் புற்றுநோயோடு தொடர்புற்றன என்று கூறப்பட்ட பழக்கங்களை ஒரு பக்கத்திலும், குருதியில் வெல்லத்தையும் கொழுப்பையும் உயர்த்தும் பழக்கங்களை மறு பக்கத்திலும் எழுதிப் பார்த்தால், இரு பட்டியல்களும் பெரிதும் ஒன்றாகவே இருக்கின்றன என்றார். உடற்பருமன், உழைப்பின்மை, கொழுப்பும் தீட்டிய மாவும் மிகுந்த உணவு என்பன இரு பக்கத்திலும் இருந்தன. அடுத்த ஆண்டிலே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து எட்வர்ட் ஜியோவனூச்சி, இவ்விரண்டையும் இணைக்கும் கயிறு இன்சுலினே ஆகலாம் என்று விரிவாக எழுதினார்.

இன்சுலின் வெல்லத்தை மாத்திரம் ஆளும் ஓமோன் அன்று. வளர்க என்று கலங்களுக்குக் கட்டளையிடுவதும் அதன் தொழில். இன்சுலின் மிகும்போது, அதனை ஒத்த மற்றொரு வளர்ச்சிக் காரணியும் கட்டவிழ்ந்து குருதியில் மிகுதியாக உலாவுகிறது. வளர்ச்சி ஓமோன் அளவுக்கு மீறிச் சுரப்பதால் கை கால்களும் தாடையும் பருக்கும் அரிய நோயொன்று உண்டு. அந்நோயாளரிடத்துக் குடற்பொலிப்புகள் மிகுதியாகக் காணப்படுவது இவ்விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது. நாலைந்து நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் குடற்சுவருக்கு இக்கட்டளைகள் இடைவிடாது வந்துகொண்டிருந்தால் யாது நிகழும்? நல்ல கலமும் வளரும். எழுத்துப் பிழையுற்ற கலமும் வளரும். அழியவேண்டிய கலம் அழியாது தங்கும்.

வயிற்றுக் கொழுப்பும் சும்மா கிடக்கும் பொதி அன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது குருதியிற் கலந்துகொண்டேயிருக்கிறது. ஆறாத புண்ணைச் சுற்றியிருக்கும் தசைபோல, உடம்பு முழுவதும் மெல்லிய அழற்சியில் ஆழ்கிறது. இதுவும் முளைக்கு உரமாகிறது.

உள்ளிருந்து நோக்கிய பேர்கிற்றின் கருத்தும் வீண்போகவில்லை. நாம் செரிக்க முடியாத நார்ப்பொருளைப் பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் செரிக்கின்றன. அப்போது உண்டாகும் பியூற்றிரிக்கு அமிலமே குடற்சுவரின் கலங்களுக்கு முதன்மையான உணவு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்துக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்த கிராமிய உணவை உண்ட அமெரிக்கரின் குடலில் பியூற்றிரிக்கு அமிலம் இரண்டரை மடங்கானது. அமெரிக்க உணவை உண்ட கிராமத்தவரிடத்தே அது பாதியாகக் குறைந்தது; குடற்சுவரின் அழற்சிக் குறிகளும் உயர்ந்தன. இரண்டே வாரங்கள்!

ஆயினும் அவசர முடிவுக்கு வருதலாகாது. அமெரிக்காவிலே பொலிப் அகற்றப்பட்டவர்களுக்கு நாரும் தவிடும் மிகுந்த உணவைச் சில ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த இரு பரிசோதனைகள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. இரண்டிலும் புதிய பொலிப்புகள் குறைந்தபாடில்லை. ஒரு தட்டில் ஒன்றைக் கூட்டிவிட்டு, மற்ற வாழ்க்கையை இருந்தபடியே விட்டுவைத்தால் போதாது என்பதையே இதனின்று நான் கற்றுக்கொள்கிறேன்.

கூடுதல் எவ்வளவு?

நண்பர் இருந்திருந்தால், "கதை போதும், எண்ணைச் சொல்லும்" என்றிருப்பார். சொல்கிறேன். நீரிழிவுடையோருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அஃதில்லாதாரினும் ஏறத்தாழ 30 வீதம் கூடுதல் என்று 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டனர். வயிற்றுப் பருமன், குருதியமுக்கம், வெல்லம், கொழுப்பு ஆகியன கூடிநிற்கும் அனுசேபக் கோளாற்றை எடுத்துக்கொண்ட 2012ஆம் ஆண்டின் தொகுப்பொன்று, ஆண்களுக்கு 25 வீதமும் பெண்களுக்கு 34 வீதமும் கூடுதல் என்று கணித்தது. உடற்பருமன் காரணமாகும் புற்றுநோய்கள் 13 என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் அறிவித்தபோது, பெருங்குடற் புற்றுநோயும் அவற்றுள் இடம்பெற்றது.

30 வீதம் என்றதும் அஞ்சவேண்டியதில்லை. அலட்சியம் செய்யவும் வேண்டியதில்லை. ஆயிரம் பேர் கொண்ட ஓர் ஊரில் வாழ்நாளில் 40 பேருக்கு இந்நோய் வருவதாகக் கொள்வோம். அவ்வூரார் எல்லோரும் நீரிழிவுடையோராயின் அத்தொகை 52 ஆகும். எஞ்சிய 948 பேருக்கு அப்போதும் இந்நோய் வாராது. ஆனால், அந்தப் பன்னிருவர் யார் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். அவர்களுள் ஒருவர் என் அடுத்த நாற்காலியில் இருந்தவராகவும் இருக்கலாம். பரம்பரையும் புகைத்தலும் மதுவும் பதனிட்ட இறைச்சியும் தத்தம் பங்கை இக்கணக்கில் தனித்தனியே சேர்க்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இன்சுலின் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, வைத்தியர் விதித்த இன்சுலினை எவரும் நிறுத்திவிடலாகாது. கட்டுக்கடங்காத நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் அழிக்கவல்லது. நான் கூறிய வெள்ளம், பல ஆண்டுக்காலம் உடம்பின் எதிர்ப்பை மீறச் சதையியே சுரந்து பாய்ச்சியது. அதனைத் தணிக்கும் வழி, அந்த எதிர்ப்பைக் குறைப்பதே.

மெலிந்தவரின் வயிறு

நிற்க. இவையெல்லாம் பருத்த மேனாட்டாருக்கு உரியன, நமக்கென்ன என்று எண்ணுவோர் உளர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பூனா நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் வைத்தியர் ஜோன் யுட்கினும் 2004ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் வெளியிட்டனர். உயரத்தோடு ஒப்பிட்ட நிறையில் இருவருக்கும் ஒரே எண், 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லியானவர்களே. ஆனால் ஆங்கிலேயரின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், இந்தியரின் உடம்பில் 21.2 வீதம்! நிறைபார்க்கும் தராசு தென்னாசியரின் உடம்பைப் பற்றி முழு உண்மையையும் சொல்வதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? மெலிந்த கை கால்களுக்கு நடுவே முன்வந்த வயிறு; அஃது என் நண்பரின் உருவம்; நம் ஆசிரியர் அறைகளில் பாதிப்பேரின் உருவமும் அதுவே.

இதனாலேயே 2005இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தென்னாசியருக்கு இடுப்பளவைத் தனியே வகுத்தது. ஆணுக்கு 90 சதமமீற்றரும் பெண்ணுக்கு 80 சதமமீற்றரும் எல்லை. அதனைக் கடந்தவரிடத்தே, உண்ணாதிருக்கும்போது குருதி வெல்லம் 100 மில்லிகிராமுக்கும் குருதியமுக்கம் 130க்கு 85க்கும் குறையாதிருத்தல், குருதிக் கொழுப்பு வகையுள் தீயது மிகுதல், நல்லது குறைதல் என்ற நான்கனுள் இரண்டு சேர்ந்தால் அனுசேபக் கோளாறு உண்டெனக் கொள்ளலாம். இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வொன்று, வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இக்கோளாறும் இருப்பதாகக் கண்டது. போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் அதிற் சேரவில்லை. அங்கு நிலைமை வேறாயிருந்திருக்கும் என்று நம்புவதற்கு என் உறவினர் வட்டத்தை நோக்கும்போது எனக்குத் துணிவு பிறக்கவில்லை.

காலம் தரும் சலுகை

இத்தனையும் அச்சமூட்டுவதற்கு எழுதியனவல்ல. மெல்ல நடக்கும் நோய் நமக்குக் காலத்தைச் சலுகையாகத் தருகிறது. முளை புற்றாக மாறும் அந்தப் பத்தாண்டில் எந்த ஆண்டிலும் அதனைக் கண்டு அகற்றலாம். அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் 50 வயதுக்கும் 80 வயதுக்கும் இடைப்பட்ட 46,551 பேரிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஆண்டுதோறும் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று சோதிக்கப்பட்டவர்களிடையே, 13 ஆண்டுகளில், இந்நோயால் நேர்ந்த மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993இல் அறிவித்தனர். அதே ஆண்டில் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு, குழாய்க் கருவி கொண்டு பொலிப்புகளைக் கண்டு அகற்றியவர்களுக்கு இந்நோய் வருவது, எதிர்பார்த்த தொகையினும் முக்காற்பங்குக்கு மேல் குறைந்ததாகக் காட்டியது. சோதனையை 50 வயதில் தொடங்கச் சொன்ன அமெரிக்க ஆலோசனைக் குழுவினர் 2021இல் அதனை 45ஆகக் குறைத்தனர். இளையோரிடத்தும் இந்நோய் கூடிவருவதே காரணம்.

இவற்றைப் படித்த பின் என்னை நானே அளந்து பார்த்தேன். இடுப்பு 96 சதமமீற்றர். உண்ணாத வேளையில் வெல்லம் 112. குருதியமுக்கத்துக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை. பிறருக்கு எழுதுவதற்கு முன் நான் போகவேண்டிய இடம் ஒன்று உண்டு என்பது விளங்கிற்று. வைத்தியரிடம் சென்றேன். வெட்கம் இருந்ததா? இருந்தது. என்னிடம் நாலாம் வகுப்பிற் படித்த பெண் அங்கே தாதியாக நின்றார். அவரைக் கண்டதும் திரும்பி வந்துவிடலாமோ என்றுகூடத் தோன்றிற்று. "இருங்கோ சேர், ஒண்டுமில்லை" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மலச் சோதனையில் இரத்தம் காணப்பட்டது. பின்னர் குழாய்க் கருவியை உட்செலுத்திப் பார்த்தனர். வயிற்றைச் சுத்தஞ் செய்யும் மருந்தைக் குடித்த முந்திய இரவே தொல்லை. சோதனையன்று மயக்க மருந்தின் உறக்கத்தில் ஒன்றும் அறியேன். இரண்டு பொலிப்புகள் இருந்தன. ஒன்று கடுகளவு; மற்றையது சுண்டங்காயளவு. இரண்டையும் அப்போதே அகற்றினர். பெரியது இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவராலும் அறுதியிட முடியாது என்றார் வைத்தியர். எனக்கோ, அதனை அறியும் ஆவலும் இல்லை.

இன்று காலையும் மாலையும் நடக்கிறேன். உடலுழைப்புடையோருக்குப் பெருங்குடற் புற்றுநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதனால் மாத்திரமன்று. தசை இயங்கும்போது இன்சுலின் தட்டும் கதவுகள் எளிதில் திறக்கின்றன என்பதை இப்போது அறிவேன். சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் பயற்றையும் இருமடங்காக்கினேன். இடுப்புப் பட்டியில் இரண்டு துளைகள் பின்வாங்கியிருக்கின்றன.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை முப்பது ஆண்டு பாடஞ்சொன்ன நான் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். அப்பத்துக் குறள்களிற் பெரும்பாலானவை மருந்தைப் பற்றியன அல்ல; உணவின் அளவையும் அதனைச் செரித்து உண்பதையும் பற்றியன. வைத்தியரும் மருந்தும் இறுதியிலேதான் வருகின்றனர். தேர்வுக்காகப் பதவுரை எழுதச் சொன்னேனேயன்றி, அந்த ஒழுங்கின் பொருளை மாணவருக்கும் சொல்லவில்லை; எனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் நாள்முழுதும் பேசுகிறவர்கள். நம் உடம்பைப் பற்றி மாத்திரம் பேச நாக்கூசுகிறோம். மலத்தில் இரத்தம், சில வாரங்களுக்கு மேல் மாறிநிற்கும் மலப்போக்கு, காரணந் தெரியாத சோகை, காரணமின்றி மெலிதல் என்ற இவற்றுள் ஒன்று கண்டாலும், மூலம் என்று நாமே தீர்ப்பெழுதாமல், அந்த வாரத்திலேயே ஒரு வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும். நாற்பத்தைந்தைக் கடந்தோரும், அதிலும் வயிறு முன்வந்தோரும் நீரிழிவுடையோரும், குடும்பத்தில் இந்நோய் கண்டோரும், ஒரு குறியும் இல்லாதபோதே சோதனை பற்றி வைத்தியரைக் கேட்கவேண்டும்.

மாஸ்டர், உங்கள் கேள்விக்கு விடை இதுதான். இரண்டும் பெரும்பாலும் ஒரே கணக்குத்தான். நீங்கள் சிரித்துக்கொண்டே இட்ட ஒவ்வொரு துளையும் அந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியாக இருந்தது. அதனை வாசிக்க அன்று நம் இருவருக்கும் தெரியவில்லை. உங்கள் மூத்த மகனுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. போன மாதம் அவரை அழைத்து, வெட்கத்தை விட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தகப்பனுக்கு வந்த நோயாதலால் நாற்பதிலேயே பார்த்திருக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னாராம். வருகிற புதன்கிழமை அவருக்குச் சோதனை. நானும் கூடப் போகிறேன்.